தரகுக்காரியின் சாட்சியம்

நான் பொய் சொல்லுகிறவள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் இன்றைக்கு நிரூபிக்கப் போகிறாராம். நிரூபிக்கட்டும். அதற்கு எதற்கு இத்தனை பாடு, என்னிடம் கேட்டால் நானே சொல்லிவிட்டுப் போகிறேன். உறையூரிலிருந்து பாலக்கரை வரைக்கும் திருச்சியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி வேண்டுமானாலும் கேட்கலாம், கல்யாண புரோக்கர் அரசி எப்படிப்பட்டவள் என்று. அரசியா, வாயைத் திறந்தால் பொய் என்பார்கள், சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், சொன்ன கையோடு உள்ளே போய் மகளின் ஜாதகத்தையும் போட்டோவையும் எடுத்து வந்து என் கையில் கொடுப்பார்கள். அப்பா எனக்கு வைத்த பெயர் மங்கையர்க்கரசி. அத்தனை நீளத்தைக் கூப்பிட யாருக்குப் பொறுமை. இந்த வராந்தா பெஞ்சு சுடுகிறது, மேலே இருக்கிற மின்விசிறி சுற்றுவதுபோல் பாவனை செய்கிறது, கேன்டீனிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை வந்து வந்து போகிறது, இன்னும் கூப்பிடவில்லை. குடும்ப நீதிமன்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வந்து பார்த்தால் குடும்பமாக ஒருத்தரும் உட்கார்ந்திருக்கக் காணோம், பெஞ்சுக்கு இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தன், நடுவில் இரண்டு வீட்டு அம்மாக்களும் தண்ணீர் பாட்டிலும். அதோ தூணுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற பையனுக்கு வாயாடிப் பெண்ணாகப் பார்த்திருக்கணும், எவளோ ஊமைச்சியைக் கட்டி வைத்திருக்கிறார்கள், பார்த்தாலே தெரிகிறது. படியில் உட்கார்ந்திருக்கிற பச்சைப் புடவைக்காரிக்கு மாமியார் இல்லாத வீடு பார்த்திருக்கணும். என்னிடம் வந்திருந்தால் இவர்களில் பாதிப் பேர் இந்நேரம் அவரவர் வீட்டில் சோற்றுக்கு உலை வைத்திருப்பார்கள். இது பொய் இல்லை. பொய்யாக இருந்தாலும் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

என் பொய்யெல்லாம் ஒரு பொய்யா. கறுப்பு என்பதை மாநிறம் என்பேன். கோபக்காரன் என்றால் மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார் என்பேன். குடிப்பாரா என்று கேட்டால், நண்பர்கள் வற்புறுத்தினால் எப்போதாவது என்பேன். வேலையில்லாதவன் சொந்தத் தொழில் தொடங்குகிற யோசனையில் இருக்கிறான், அதிகம் படிக்காத பெண் வீட்டு வேலையில் கெட்டிக்காரி. கேட்கிறவர்களுக்கும் தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று. மாநிறம் என்றால் கறுப்பு என்று புரிந்துகொள்கிறார்கள், அதனால் நிஜமாகவே மாநிறமாக இருக்கிற பெண்ணை நான் சிவப்பு என்று சொல்லியாகணும், இல்லாவிட்டால் பாவம் அந்தப் பெண்ணைக் கறுப்பாக்கிவிடுவார்கள். உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே நான் பொய் சொல்லவேண்டியிருக்கிறது. ஊர் முழுக்கத் தெரிந்த பொய்யில் ஏமாறுவதற்கு என்ன இருக்கிறது, சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டு அது வேகம் என்று தெரிந்தே பார்த்து ஓடுகிற மாதிரிதான். இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓடியது, ஒருத்தியும் வந்து என் முடியைப் பிடிக்கவில்லை. யாமினி ஒருத்திதான், அந்தப் பெண் ஒருத்திதான், என்னை ஒரு வார்த்தையில் மடக்கினாள். முதல்முதலாக அவளைப் பார்க்கப் போன அன்றைக்கு. அப்பா ஞானசம்பந்தம் உறையூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், அம்மா இல்லாத பெண், கணக்கில் எம்.எஸ்ஸி., ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காபி கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள், மற்றப் பெண்கள் மாதிரி கதவுக்குப் பின்னால் போய் நிற்கவில்லை. பையனைப் பற்றி நான் அளந்துகொண்டே போனேன், அவள் கண் கொஞ்சம் சிரித்தது, அதைப் பார்த்து எனக்கே ஒரு குஷி வந்துவிட்டது, "தரகுக்காரி சொல்றது அத்தனையும் பொய்தான்மா, ஒண்ணையும் நம்பாதே" என்றேன் தமாஷாக. அவள் உடனே, "அப்ப இப்ப சொன்னதும் பொய்யா அத்தை?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. இல்லை என்று சொல்லப் போனேன். அதுவும் வரவில்லை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் சிரித்தாள், எங்கள் பாடத்தில் இது ரொம்பப் பழைய புதிர் அத்தை, ஒருத்தன் நான் பொய் சொல்கிறேன் என்கிறான், அது உண்மை என்றால் அவன் சொல்வது பொய், பொய் என்றால் அவன் சொல்வது உண்மை, எத்தனையோ பெரிய ஆட்களெல்லாம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

அன்றையிலிருந்து அது என்னை விடவில்லை. மாவு அரைக்கும்போது வந்துவிடும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வந்துவிடும். நான் பொய் சொல்கிறேன். சரி, அப்படியானால் இது உண்மை. உண்மை என்றால் நான் பொய் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் நான் சொன்னது பொய். பொய் என்றால், திரும்பவும் முதலிலிருந்து. பாவாடை நாடாவை ஊசியில் கோர்த்து இழுக்கும்போது பாதியில் நாடா உள்ளேயே முறுக்கிக்கொள்ளுமே, இந்தப் பக்கம் இழுத்தாலும் வராது, அந்தப் பக்கம் இழுத்தாலும் வராது, அந்த மாதிரி. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்குப் பொய் சொல்லத் தெரியும்னு ஊருக்கே தெரியுமே, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றார். அவருக்கு எதுவும் முறுக்கிக்கொள்ளாது. பாக்கியவான். ஆனால் அவரை நினைத்தால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, இன்றைக்குப் பார்த்து வரக் கூடாதது. ஒருநாள் சாயங்காலம் நெஞ்சுக்குக் கீழே ஏதோ வாங்கி இழுத்தது, அவர் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம், என்னால் முடியவில்லைங்க என்றேன், அவர் சிரித்துவிட்டு, "வரப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். அப்புறம் பித்தப்பையில் கல் என்றார்கள், எடுத்தார்கள், சரியாகிவிட்டது, அவரும் பல நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். ஆனால் அந்த வாசலில் நின்றபோது, நிஜத்துக்கு என்று எனக்கு வேறு குரல் கிடையாதோ என்று ஒரு பயம் வந்ததே, அது கல்லோடு போகவில்லை. மாநிறம் என்று சொல்கிற அதே குரல்தான் வலிக்கிறது என்றும் சொல்கிறது. கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும். இன்றைக்கு அந்தக் கூண்டில் ஏறி நான் சொல்லப் போகிறதும் அதே குரலில்தான்.

சொல்லப் போவது என்னவோ சின்ன விஷயம். பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள், இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவ்வளவுதான். ஆனால் இதில் எத்தனை முடிச்சு. ஞானசம்பந்தம் அண்ணன் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, டைல்ஸ் அடுக்கின மறைவில் நிறுத்தி, "அரசி, அது மட்டும் வெளியில வரக் கூடாது, எம் பொண்ணு மேல சத்தியம் பண்ணு" என்றார். வருஷக்கணக்காக வலிப்பே வரவில்லை, மாத்திரை கேட்கிறது, எதற்குச் சொல்லவேண்டும் என்றார், கண்ணில் தண்ணீர். சரி அண்ணே, சத்தியமாகச் சொல்லவில்லை என்றேன். அதே வாரம் யாமினி பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, "அத்தை, அவர்கிட்ட நீங்க சொல்லிடுங்க, தெரியாம கட்டிக்கிட்டா நான் அந்த வீட்டுல தினம் பயந்துக்கிட்டே மாத்திரை போடணும்" என்றாள். சரிம்மா, சொல்லிவிடுகிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் சரி என்றாயிற்று. எதைச் செய்தாலும் ஒரு சரி பொய்யாகப் போகும், அதை மாற்ற எந்தச் சாமியாலும் ஆகாது, எந்தப் பொய் என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். தேர்ந்தெடுத்தேன். ரொம்ப யோசிக்கவில்லை. வாழப் போகிறவள் அவள். மாப்பிள்ளை சபரீஷைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். அவன் யோசித்தான், சரி என்றான், அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அண்ணனிடம் வந்து, கவலையே படாதீங்க, மூச்சுவிடவில்லை என்று பொய் சொன்னேன். தாலி ஏறியது. நானும் புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டேன். பக்குவம் என்ன ஆயிற்று, அவன் அம்மா வசந்தகோகிலத்திடம் அவன் சொல்லவே இல்லை. ஒருநாள் அடுப்படியில் அந்தப் பெண் விழுந்தாள். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் இவன் வாய் அடைத்துப்போயிற்று, எனக்கும் தெரியாது, நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று தலையை ஆட்டிவிட்டான். பெண்ணை அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், உண்மையை மறைத்து ஏமாற்றிச் செய்த கல்யாணம், செல்லாது என்று கேஸ் போட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. போன மாதம் ஞானசம்பந்தம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார், இளைத்துப்போயிருந்தார், நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அரசி, நீ கோர்ட்டுல வந்து மாப்பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "பொய்தான், எனக்குப் புரியுது. உனக்குப் புதுசா என்ன? எம் பொண்ணுக்காக ஒரே ஒரு பொய்." அட சாமி. எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறார்கள், உண்மையைப் பொய் என்று நினைத்துக்கொண்டு அதைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினவர் இவர் ஒருத்தர்தான். அப்போதே சொல்லியிருக்கலாம், அண்ணே, நான் நிஜமாகவே சொல்லிவிட்டேன் என்று. சொன்னால் நம்புவாரா, நம்பினால் பொறுப்பாரா, மகள் மேல் சத்தியம் வாங்கின மனுஷன். சரி அண்ணே, உங்களுக்காக ஒரு பொய் சொல்கிறேன் என்றேன். பாருங்கள், உண்மையைச் சொல்கிறேன் என்பதற்கே ஒரு பொய் சொல்லவேண்டியதாயிற்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது அதோ வராந்தாக் கோடியில் நின்று என்னைப் பார்த்து, தைரியமாகச் சொல்லு என்கிற மாதிரி தலையை ஆட்டுகிறார். நானும் ஆட்டுகிறேன். யாமினி அவர் பக்கத்தில் நிற்கிறாள், வெளிர்நீலப் புடவை, கழுத்தில் தாலியைக் கழற்றவில்லை. நேற்று போனில் பேசினாள், "வாழறேனோ வாழலையோ அது அப்புறம் அத்தை, ஆனா ஏமாத்தினவன்னு என்னை எழுதி வைக்கக் கூடாது" என்றாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயம்தான், கேட்டுப் பார்த்தால்.

எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் வரவில்லை. பெண்ணின் குறையைப் போய் மாப்பிள்ளையிடம் சொன்னேன் என்று கோர்ட்டில் சொன்னபிறகு எந்தப் பெண் வீட்டுக்காரர் என்னிடம் போட்டோ கொடுப்பார். பொய்காரி என்றால் தொழில் நடக்கும். உண்மை பேசுகிறவள் என்று பெயர் எடுத்தால் முடிந்தது கதை. போகட்டும், பார்த்துக்கொள்ளலாம், என் வாய்க்கு வேறு வேலையா கிடைக்காது. அதில் எனக்குப் பயமில்லை. பயம் அந்த முறுக்கில்தான் இருக்கிறது. வக்கீல் கேட்பார், நீங்கள் பொய் சொல்வீர்களா என்று. இல்லை என்றால் கோர்ட்டே சிரிக்கும், அது சுத்தப் பொய், அந்த ஒரு பொய்யிலேயே மற்றதெல்லாம் போய்விடும். ஆமாம் என்றால், பொய் சொல்கிறவள் சொன்னதை எப்படி நம்புவது என்பார். இந்தப் பக்கம் இழுத்தாலும் வராது, அந்தப் பக்கம் இழுத்தாலும் வராது. யாமினியின் வக்கீல், ரெஹானா என்று பெயர், சுறுசுறுப்பான பெண், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா, அதிகமா பேசாதீங்க" என்று சொல்லிவைத்திருக்கிறாள். என்னையா. முதலில் பிரமாணம் வேறு உண்டாம், நான் சொல்வது முழுவதும் உண்மை என்று. அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் சொல்வது உண்மை என்று நல்லவன் சொன்னால் அது உண்மை, கெட்டவன் சொன்னால் அது பொய், இரண்டிலும் முறுக்கு இல்லை, நாடா வழவழவென்று வந்துவிடும். அதனால் அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். வசந்தகோகிலமும் சொல்லியிருப்பாள், அவள் மகனும் சொல்லியிருப்பான். நான் பொய் சொல்கிறேன் என்பதுதான் ஒருத்தர் தொண்டையிலும் இறங்காது, உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஏன் வராது. அது தன்னையே பார்த்துப் பேசுகிறது, அதனால். கண்ணாடி முன்னால் நின்று தன்னையே பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறவனிடம் போய் மணி என்ன என்று கேட்டால் திரும்பித்தானே ஆகணும். அதனிடம் வேறு ஏதாவது கேட்கணும். வேறு எதையாவது. என்ன கேட்கணும் என்று பிடிபடவில்லை, பிடிபடப் போகிற மாதிரி இருக்கிறது, நாக்கு நுனியில், அதற்குள் டவாலி வாசலில் வந்து நின்று என் முழுப் பெயரையும் கூப்பிடுகிறான். மங்கையர்க்கரசி. மூன்று தடவை. அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூப்பிட்டதோடு சரி, இத்தனை சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. எழுந்திருக்கிறேன். புடவை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, பெரிய மேஜைக்குப் பின்னால் நீதிபதி ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எதையோ படிக்கிறாள். சபரீஷ் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், மீசையை எடுத்துவிட்டான், என்னைப் பார்க்கவில்லை. பிரமாணம் சொல்லுகிறேன், வழவழவென்று வந்துவிடுகிறது. ரெஹானா கேட்கிறாள், நான் சொல்கிறேன், இந்த வரனை முடித்தது நான்தான், வலிப்பு இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியும், நிச்சயத்துக்கு முன்னால் நானே சொன்னேன், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் வைத்து. ஜூஸ் கடையைச் சொன்னதும் பின்வரிசையில் ஞானசம்பந்தம் அண்ணன் முகத்தில் ஒரு மலர்ச்சி, என்ன அழகாகப் பொய் சொல்கிறாள், கடையையெல்லாம் கட்டிவிட்டாளே என்று. ரெஹானா உட்கார்ந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயசானவர், சாவகாசமானவர், பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரியவர் மாதிரி சிரிக்கிறார்.

"அம்மா, உங்க தொழில்ல பொய் சொல்றது உண்டா?"

"உண்டுங்க."

யாரோ சிரிக்கிறார்கள். ரெஹானா நெற்றியைத் தேய்க்கிறாள்.

"இந்தக் கல்யாணத்துலயும் சொன்னீங்களா?"

"சொன்னேன். மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியும்னு சொன்னேன். பொண்ணுக்குக் கோவமே வராதுன்னு சொன்னேன்."

இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள், நீதிபதியின் கண்ணாடி கீழே இறங்கி மூக்கில் உட்காருகிறது. வக்கீல் சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்தார். இவர் நல்ல வக்கீல். இவர் வீட்டில் பெண் இருந்தால் நான் வரன் பார்த்துக் கொடுப்பேன்.

"அப்ப இப்ப கூண்டுல நின்னு சொல்றதும் பொய்யா இருக்கலாம், இல்லையா?"

வந்துவிட்டது. நாடா நடுவில் நிற்கிறது. யாமினி என்னைப் பார்க்கிறாள், காபி டம்ளரோடு நான் திணறினபோது பார்த்த அதே பார்வைதான், ஆனால் சிரிப்பில்லை. எனக்குப் பயமாக இல்லை, ஏன் என்று தெரியவில்லை, மனசு வெளிச்சமாக இருக்கிறது.

"இருக்கலாம்ங்க," என்றேன். "என்னை நம்ப வேண்டாம். நான் நல்லவளா கெட்டவளான்னு பேசிக்கிட்டிருந்தா இன்னிக்குப் பொழுதே போயிடும். அம்மா, நான் மாப்பிள்ளைகிட்ட சொன்னப்போ அவர் ஒண்ணு கேட்டார். அதைச் சொல்லலாமா?"

வக்கீல் ஆட்சேபம் என்றார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, "நீங்கதானே ஐயா ஆரம்பிச்சீங்க. சொல்லுங்கம்மா," என்றாள்.

"இருக்குன்னு சொன்னதும் அவர் கோவப்படல. ஏன் மறைச்சீங்கன்னு கேட்கல. அவளுக்கு அப்படி வந்தா நான் என்ன செய்யணும் ஆன்ட்டின்னு கேட்டார். நான் இத்தனை கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன், இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை. அந்தப் பொண்ணு எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் வைக்கக் கூடாது. கையில சாவி, இரும்பு எதையும் திணிக்கக் கூடாது. கையக் கால அழுத்திப் பிடிக்கக் கூடாது. பக்கத்துல உட்கார்ந்து அது அடங்குற வரைக்கும் இருக்கணும். திருப்பிச் சொல்லுங்க தம்பின்னேன், திருப்பிச் சொன்னார்." மூச்சு வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் நான் எதையும் தயார் செய்துகொண்டு வரவில்லை, அது அந்த இடத்தில்தான் வந்தது, யாமினி என்றைக்கோ அழுதுகொண்டே சொன்னது. "அந்தப் பொண்ணு அவங்க வீட்டு அடுப்படியில விழுந்தப்போ இவர் என்ன செஞ்சார்னு மட்டும் கேளுங்கம்மா."

நீதிபதி காகிதங்களைப் புரட்டினாள். வசந்தகோகிலம் இதே கோர்ட்டில் முன்பு சொன்ன சாட்சியத்தைத் தேடி எடுத்து, மெதுவாக, கணக்கு வாத்தியார் மாதிரி படித்தாள்: நான் சாவிக் கொத்தைக் கொண்டு ஓடினேன், என் மகன் அதைத் தட்டிவிட்டான், அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, யாரும் தொடாதீர்கள் என்று கத்தினான். படித்துவிட்டு சபரீஷைப் பார்த்தாள்.

"எழுந்திருங்க. இதெல்லாம் செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் எழுந்தான். அவன் வக்கீல் ஏதோ சொல்ல முன்னால் வந்தார், நீதிபதி அவர் பக்கமே திரும்பவில்லை. அவன் கை சட்டைப் பொத்தானைத் தேடுகிறது, பிடிக்கிறது, விடுகிறது. டிவியில பார்த்தேன் என்று சொல்லலாம், நண்பன் சொன்னான் என்று சொல்லலாம், நானாக இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன், அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவன் இதுவரைக்கும் சொன்ன பெரிய பொய்யே அது ஒன்றுதான் போலிருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு நிற்கவே அவனுக்குத் தெரியவில்லை. ஐயோ பாவம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

"இவங்கதான் சொன்னாங்க," என்றான். "எனக்கு முன்னாடியே தெரியும்."

"டேய்!" என்றாள் அவன் அம்மா.

"தெரியும்மா. உனக்குத்தான் நான் சொல்லல."

அப்புறம் நடந்ததெல்லாம் சத்தம். வசந்தகோகிலம் அழுகிறாள், வக்கீல் அவகாசம் கேட்கிறார், சபரீஷ் அவர் கையை விலக்கிவிட்டு, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான், நீதிபதி அதை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறாள், என்னைப் பார்த்து நீங்கள் இறங்கலாம் என்கிறாள். இறங்கினேன். ரெஹானா என் தோளைத் தொட்டு, "அதிகமா பேசாதீங்கன்னு சொன்னேனே" என்றாள், பல்லெல்லாம் தெரிய.

வராந்தாவில் ஞானசம்பந்தம் அண்ணன் என் எதிரே வந்து நின்றார். சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியாத ஒரு முகம். "அப்ப... நிஜமாவே சொல்லிட்டியா?" என்றார். சொல்லிட்டேன் அண்ணே என்றேன். "எம் பொண்ணு மேல சத்தியம் பண்ணினியே அரசி. மூச்சுவிடலேன்னு வந்து சொன்னியே." ஆமாம் அண்ணே, அது பொய், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். இது எத்தனை சுலபமாக வருகிறது. பொய் சொல்கிறேன் என்றால்தான் முறுக்கு, பொய் சொன்னேன் என்றால் ஒன்றுமில்லை, அது நேற்றைக்கு நடந்தது, நான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன், இரண்டுக்கும் நடுவில் கால் வைக்க இடம் இருக்கிறது. யாமினிக்கு இதைச் சொல்லணும், அவள் பாடத்தில் இருக்கிறதோ என்னவோ. அவர் கை உயர்ந்தது, அடிக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன். "நான்தான்ப்பா சொல்லச் சொன்னேன்," என்றாள் யாமினி. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டார். நான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் என்னை முட்டாளாக்கிட்டீங்க," என்றார். அப்புறம், "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றோம். கேன்டீன் பக்கம் எழுந்து நடந்தார். யாமினி என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, அவர் பின்னால் போனாள்.

நான் தூணில் சாய்ந்து நின்றேன். உடம்பெல்லாம் லேசாக இருந்தது, எதையோ இறக்கி வைத்த மாதிரி இல்லை, நல்ல பசி வந்த மாதிரி. பின்னால் செருப்புச் சத்தம். சபரீஷ். அம்மாவை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான், முகம் கழுவியிருக்கிறான், சட்டைக் காலரெல்லாம் ஈரம். தூரத்தில் யாமினி போவதைப் பார்த்தான், கேன்டீன் வாசலில் அவள் குனிந்து உள்ளே போகிறவரைக்கும் பார்த்தான்.

"ஆன்ட்டி," என்றான். "யாமினி என்கிட்ட பேசுவாளா?"

பேசுவா தம்பி, ஏன் பேச மாட்டா, கொஞ்சம் கோவம், ரெண்டு நாள்ல சரியாயிடும், அவ மனசு தங்கம், எனக்குத் தெரியாதா. அத்தனையும் என் வாயில் தயாராக இருக்கிறது, நாக்கைத் தூக்கினால் போதும், தானே வழுக்கிக்கொண்டு வந்துவிடும், இத்தனை வருஷத் தொழில். அவனும் அதற்குத்தான் காத்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டு, தாலியைக் கழற்றணும் என்று நினைக்கிறாளா, இவன் சாவியைத் தட்டிவிட்டதை நினைக்கிறாளா, இவன் வாய் மூடி நின்ற அந்த மாதங்களை நினைக்கிறாளா. போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. என் தொழிலில் நான் சொல்லாத வார்த்தை என்று ஒன்று உண்டு, பொய்க்கும் சேராது, உண்மைக்கும் சேராது, அதைச் சொன்னால் ஒரு கல்யாணமும் நடக்காது, அதனால் அது எனக்கு எந்த ருசியில் இருக்கும் என்றே தெரியாமல் இருந்துவிட்டேன்.

"தெரியலப்பா," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்தான், அப்புறம் மெதுவாகத் தலையை ஆட்டினான். நான் சொன்னதை அவன் அப்படியே நம்பினான்.